பிரேசில் கிட்டாரின் கட்டைவிரல்

பிரேசிலின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பர்ட்டோ 1973இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். தட்டுக்கும் அவர் பெயர்தான். குரல், கிட்டார், பின்னால் ஒருவர் மிக மெல்லத் தட்டும் தாளம், அநேகமாக இவ்வளவுதான் அதில் கேட்கும். அதைப் போட்டுவிட்டுக் குரலைக் கவனிக்காமல் இருந்து பாருங்கள். கஷ்டம்தான், அந்தக் குரல் அப்படி இழுக்கும். இருந்தாலும் கிட்டாரின் தடித்த தந்திகளில் விழும் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரே சீராக, தெருவில் நிதானமாக நடப்பவரின் காலடிபோல அது போய்க்கொண்டே இருக்கும். மேலே மற்ற விரல்கள் என்ன செய்தாலும், பாட்டு முன்னே ஓடினாலும் பின்னே தங்கினாலும் அந்தக் காலடி மாறாது. வலது கைக் கட்டைவிரல் அது.

பிரேசில் ஜாஸ் கிட்டாரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கட்டைவிரல்தான். இந்த இசை உலகம் முழுக்கப் பரவியபோது ஒரு நஷ்டமும் கூடவே வந்தது. ஓட்டல் முகப்பிலும் காபிக் கடையிலும் பேச்சுக்குப் பின்னால் ஓடும் இதமான ஓசை என்று அது பெயர் வாங்கிவிட்டது. இதமானது என்பது உண்மை. அந்த இதத்துக்குள் ஒரு மேளக்கூட்டமே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இன்று வாசிக்கிற யமண்டு கோஸ்டாவையோ ஷிகோ பின்யெய்ரோவையோ பெட்ரோ மார்ட்டின்ஸையோ ரசிக்க வேண்டுமென்றால், அந்த மேளக்கூட்டம் ஒரு கைக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலில் நைலான் தந்தி கட்டிய மரக் கிட்டாரை 'வியோலாவ்' என்பார்கள். 'கிட்டாரா' என்று சொன்னால் அது மின்கிட்டார். நாம் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறோம், அங்கே அவை வேறுவேறு வாத்தியங்கள், வேறுவேறு வரலாறுகள். அதேபோல 'பிரேசிலிய ஜாஸ்' என்பதும் பெரும்பாலும் வெளியார் வைத்த பெயர். அங்கிருக்கும் கலைஞர்கள் 'வாத்திய இசை' என்று பொருள்படும் சொல்லைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சம்பா, ஷோரோ, பையாவ், ஃப்ரெவோ என்ற உள்நாட்டு இசை வகைகள் எல்லாம் அதில் அடக்கம். ஜாஸ் அங்கே விருந்தாளியாக வந்து, அப்புறம் வீட்டு ஆளாகிவிட்டது.

ஒரு கைக்குள் ஒரு கூட்டம்

சம்பாவில் சுர்டோ என்று ஒரு பெரிய மேளம் உண்டு. வாரில் மாட்டித் தொங்கவிட்டுக் கோலால் அடிப்பார்கள். சம்பா இரண்டு தட்டுத் தாளம். அந்த இரண்டாவது தட்டில் சுர்டோவின் ஆழமான 'தும்' விழும்போதுதான் ஆடுகிறவர்களின் உடம்பு இறங்கும். இன்னொரு பக்கம் டாம்போரிம் என்ற சின்னஞ்சிறு தோல்கருவி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, மெல்லிய குச்சியால் அடிப்பது. அது தட்டுகளுக்கு நடுவே, எதிர்பாராத இடங்களில் வெட்டி வெட்டிப் பேசும்.

ஜோவாவ் ஜில்பர்ட்டோ செய்தது இந்த இரண்டையும் எடுத்து வலது கையில் வைத்ததுதான். கட்டைவிரல் சுர்டோ ஆனது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் தந்திகளைப் பறித்து டாம்போரிம் ஆயின. கேட்க எளிதாகத் தெரியும். உட்கார்ந்து முயன்றால் பத்தே நொடியில் கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து தடுமாறத் தொடங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் போக வேண்டும், அதே சமயம் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறும் இடம் பல சமயம் தட்டு விழுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே வந்துவிடும். கட்டைவிரல் பழைய இடத்தில் நிற்க, மேல் விரல்கள் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும். அந்த இழுபறிதான் இந்த இசையின் ஊஞ்சல்.

1958இல் பாடகி எலிசெட் கார்டோசோவின் இசைத்தட்டில் சில பாடல்களுக்கு ஜில்பர்ட்டோ கிட்டார் வாசித்தபோது இந்த வாசிப்பு முதல்முறையாகப் பதிவானது. அதே ஆண்டு அவரே பாடிய தட்டும் வந்தது. இந்தப் புதிய பாணிக்குப் போசா நோவா என்று பெயர் அமைந்தது. 1962இல் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் கிட்டார் கலைஞர் சார்லி பேர்டும் சேர்ந்து செய்த இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. கெட்ஸும் ஜில்பர்ட்டோவும் 1963இல் பதிவு செய்து 1964இல் வெளியிட்டது 1965இல் கிராமி விருதைப் பெற்றது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் அதில் நிற்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தாளத்தை நான்கு தட்டாக எழுதினார்கள், பிரேசிலில் இரண்டு தட்டாக எண்ணினார்கள். காகிதத்தில் சின்ன வித்தியாசம். காதில் பெரிய வித்தியாசம். நான்காக எண்ணினால் எல்லாத் தட்டும் ஒரே எடையில் விழுந்து இசை தட்டையாகிவிடும். இரண்டாக எண்ணினால் இரண்டாவதில் அந்தச் சுர்டோ இறங்கும். காபிக் கடைப் பதிவுகள் பலவற்றில் இல்லாமல் போவது அந்த இறக்கம்தான்.

ஏழாவது தந்தி

ஆனால் ஜில்பர்ட்டோவோடு தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அவருக்கு முன்னே ஷோரோ இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரியோ டி ஜெனிரோவில் உருவான வாத்திய இசை. புல்லாங்குழல் மெட்டை எடுத்துக்கொள்ளும், கவாக்கின்யோ என்ற நான்கு தந்திச் சிறுகிட்டார் தாளம் வெட்டும், கிட்டார் கீழே நின்று தாங்கும். அந்தக் காலத்து ரியோவின் மேட்டுக்குடி வீடுகளில் கிட்டாருக்கு மதிப்பில்லை, வேலைவெட்டி இல்லாதவர்களின் வாத்தியம் என்று ஒதுக்கினார்கள். தபால்காரர்களும் சிறு குமாஸ்தாக்களும்தான் அதைக் கையில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஷோரோவில் கிட்டாரின் வேலை வெறுமே தாங்குவதோடு நிற்பதில்லை. மெட்டு மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அடித்தந்திகளில் இறங்கி ஏறி ஒரு பதில் சொல்ல வேண்டும். இந்தப் பதில் வரிகளுக்கு 'பைஷாரியா' என்று பெயர். இன்னும் கீழே இறங்க வேண்டும் என்ற ஆசையில் ஏழாவது தந்தி வந்தது. டூட்டி என்பவர் அதை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1950களில் டீனோ என்ற கலைஞர் அதை எடுத்துக்கொண்டு ஒரு முழு மொழியாகவே வளர்த்தார். உலோகத் தந்தி, கட்டைவிரலில் மாட்டிய ஒரு நகவளையம், 'ஸி' சுருதியில் கட்டிய ஏழாவது தந்தி. அவர் பெயரே 'ஏழு தந்தி டீனோ' ஆகிவிட்டது. சம்பா இசைத்தட்டுகள் எத்தனையிலோ பாடகரின் குரலுக்கு அடியில் ஓடுவது அவர் கட்டைவிரல்தான். பெயர் தெரியாமலேயே லட்சக்கணக்கானோர் அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

டீனோவோடு கூடவே வாசித்த இன்னொரு கிட்டார்காரர் மெய்ரா. மேடையில் அதிகம் முன்னே வராத மனிதர். ஆனால் வரலாற்றில் இவருக்கு ஒரு தனி நாற்காலி போட வேண்டும் என்பேன். பேடன் பவலுக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர். ஒரு தலைமுறை கழித்து ரஃபாயல் ரபெல்லோவுக்கும் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். ஒரே ஆசிரியரின் வீட்டிலிருந்து பிரேசில் கிட்டாரின் இரண்டு பெரிய வெள்ளங்கள் புறப்பட்டிருக்கின்றன.

பேடன் பவல் 1937இல் பிறந்தவர். அப்பாவுக்குச் சாரணர் இயக்கத்தின் மேல் இருந்த பற்றால் அதை நிறுவியவரின் பெயர் பிள்ளைக்கு வந்தது. ஜில்பர்ட்டோ குறைத்துக் குறைத்துச் செய்ததைப் பேடன் பெருக்கிப் பெருக்கிச் செய்தார். கவிஞர் வினிசியஸ் டி மொராய்ஸுடன் 1966இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் பாய்யா மாநிலத்தின் ஆப்பிரிக்க வழிபாட்டுத் தாளங்கள் கிட்டாருக்குள் நுழைந்தன. கப்போய்ரா ஆட்டத்தில் வாசிக்கும் ஒற்றைத் தந்தி வில் வாத்தியமான பெரிம்பாவின் இரண்டே ஒலிகளை அவர் அடித்தந்தியில் மாற்றி மாற்றி எழுப்புவார். நைலான் தந்தி கிறீச்சிடும், மரம் அதிரும். அழகுக்காக அவர் எதையும் மழுப்பவில்லை.

ரஃபாயல் ரபெல்லோ 1962இல் பிறந்து 1995இல், 32 வயதில் இறந்துபோனார். டீனோவின் ஏழு தந்தியை நைலானுக்குக் கொண்டுவந்து, பின்வரிசையிலிருந்து எடுத்து மேடையின் நடுவில் வைத்தவர். 1989இல் நடந்த கார் விபத்தில் வலது கை உடைந்தது. அதற்கு அப்புறமும் எழுந்து, 1992இல் போசா நோவா இசையமைப்பாளர் டாம் ஜோபிமின் இசையை வைத்து ஒரு தட்டு வெளியிட்டார். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் பாக்கோ டி லூசியா அதில் அவரோடு வாசித்தார். உடைந்து சேர்ந்த கை வாசித்தது என்று தெரிந்த பிறகு அந்தத் தட்டை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

இந்த இடத்தில் ரோசின்யா டி வலென்சாவையும் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1941இல் பிறந்தவர், 1960களில் பேடனுக்கு இணையாக வைத்துப் பேசப்பட்ட பெண் கலைஞர், பியானோ கலைஞர் செர்ஜியோ மென்டிஸின் குழுவோடு அமெரிக்காவில் வாசித்தவர். 1992இல் மாரடைப்பால் நினைவிழந்து, 2004இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். கிட்டார் வரலாறு எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவருடைய பழைய தட்டுகளைத் தேடிக் கேளுங்கள், கட்டைவிரல் என்றால் என்னவென்று அவரும் சொல்வார்.

வடகிழக்கும் மலைநாடும்

எல்லாவற்றையும் ரியோவோடு கட்டிவிட முடியாது. வடகிழக்கு நகரமான ரெசிஃபியில் 1935இல் பிறந்த கிட்டார் கலைஞர் எரால்டோ டோ மோன்ட்டே, ஹெர்மெட்டோ பாஸ்கோவால், ஐர்ட்டோ மொரெய்ரா, தியோ டி பாரோஸ் ஆகியோருடன் சேர்ந்து 1967இல் ஒரே ஒரு தட்டு வெளியிட்டார். அந்த நால்வர் குழுவின் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. கற்பனையாக வாசிக்கும்போது பீபாப் என்ற வேகமான அமெரிக்க ஜாஸ் வகையின் சொற்றொடர்கள் விரலுக்குத் தானாக வரும். அவற்றை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, வடகிழக்கின் வறண்ட நிலத்து மெட்டுகளிலிருந்தே தனி வாசிப்பைக் கட்டினார்கள். அங்கே பையாவ் தாளம். எட்டு நுண்தட்டை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து மேசையில் தட்டிப் பாருங்கள், அதுதான். சுரங்களும் வேறு. நம் காதுக்கு ஹரிகாம்போஜி போலவும் வாசஸ்பதி போலவும் கேட்கும் சுர வரிசைகள் அந்த இசையில் சர்வசாதாரணம்.

அப்புறம் மினாஸ் ஜெராய்ஸ். கடல் இல்லாத மாநிலம், மலை, பழைய தங்கச் சுரங்க ஊர்கள், பரோக் தேவாலயங்கள். டோனின்யோ ஓர்ட்டா 1948இல் அங்கே பெலோ ஒரிசான்ட்டே நகரில் பிறந்தார். பாடகர்கள் மில்ட்டன் நாசிமென்டோவும் லோ போர்ஜஸும் 1972இல் வெளியிட்ட இரட்டைத் தட்டில் வாசித்த இளைஞர்களில் அவரும் ஒருவர். பீட்டில்ஸ், தேவாலயக் கூட்டுப்பாட்டு, ஜாஸ் எல்லாம் ஒரே தெருமுனையில் சந்தித்த கூட்டம் அது.

ஓர்ட்டாவிடம் கட்டைவிரலின் நடை தளர்கிறது. காலடி மறைந்து, தரைக்குப் பதிலாக மேகம் வருகிறது. ஆறு தந்தியில் இத்தனை சுரங்களைச் சேர்த்துப் பிடிக்க முடியுமா என்று கேட்கும்படியான கார்டுகள், ஒன்று முடியுமுன் அடுத்தது அதன் மேல் நழுவி வந்து உட்காரும். எங்கே போகிறது என்று யூகிக்க முடியாது, போய்ச் சேர்ந்த பிறகு அங்கேதான் போக வேண்டும் என்று தோன்றும். தன் குழுவுக்கு 'ஆவி வாத்தியக்குழு' என்று பொருள்படும் பெயரை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத வயலின்களும் குழல்களும் அவர் கிட்டாருக்குள் ஒலிக்கின்றன என்பதைக் கேட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள். 2019இல் வந்த அவருடைய இரட்டைத் தட்டுக்கு அடுத்த ஆண்டு லத்தீன் கிராமி கிடைத்தது. அதற்கும் சொந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்.

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் பேட் மெத்தெனி 1980இல் ஓர்ட்டாவின் தட்டில் விருந்தினராக வாசித்தார். மெத்தெனியின் 1980களின் இசையில் சொல்லில்லாமல் குரல்கள் எழும்பிப் பறக்குமே, அந்தக் காற்று மினாஸ் மலையிலிருந்து வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எக்பெர்ட்டோ ஜிஸ்மோண்டி இன்னொரு தனி மலை. 1947இல் பிறந்தவர், பியானோ கற்றவர், பாரிஸில் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் படித்தவர். பியானோவில் பத்து விரலுக்கு வேலை இருக்கும்போது கிட்டாரில் ஏன் குறைய வேண்டும் என்று நினைத்தவர் போல, எட்டுத் தந்தி, பத்துத் தந்தி என்று கூட்டிக்கொண்டே போனார். தாளக் கலைஞர் நானா வாஸ்கொன்செலோஸுடன் அவர் செய்த தட்டு 1977இல் வெளியானது. அடுத்ததை ஷிங்கு காட்டுப் பழங்குடி மக்களுக்குச் சமர்ப்பித்தார், அவர்களோடு சில காலம் தங்கியும் இருந்தார். அவர் வாசிப்பில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றின் இடைவெளியை மற்றது நிரப்பும். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும்.

கிங்கா 1950இல் ரியோவில் பிறந்தார். தொழில் பல் மருத்துவம். பகலில் பல் பார்த்து, மற்ற நேரத்தில் பாட்டு அமைத்தார். பிரேசிலின் புகழ்பெற்ற பாடகி எலிஸ் ரெஜினாவே அவர் பாட்டைப் பாடியிருக்கிறார், ஆனால் அவர் பெயரில் முதல் தட்டு வந்தது 1991இல், நாற்பதைத் தாண்டிய பிறகு. கிட்டார் கழுத்தின் மேல் ஃப்ரெட்டுகளில் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் நடுவே அழுத்தாத தந்திகளைத் திறந்துவிடுவது அவர் வழக்கம். எட்டிப் பிடித்த சுரமும் சும்மா கிடந்த சுரமும் உரசும் அந்த இடத்தில் ஒரு கசப்பான இனிப்பு பிறக்கும். இளையவர்கள் இன்று அவர் பாடல்களைப் பாடமாகவே படிக்கிறார்கள்.

இன்றைய கைகள்

சரி, இன்றைக்கு வருவோம். ரொமேரோ லுபாம்போ 1955இல் ரியோவில் பிறந்து, இசையோடு இயந்திரப் பொறியியலும் படித்துவிட்டு, 1985இல் நியூயார்க் போனவர். பேஸ் கலைஞர் நில்சன் மாட்டா, டிரம்ஸ் கலைஞர் டுடுகா டா ஃபொன்சேகா இருவரோடும் அவர் அமைத்த மூவர் குழு, அமெரிக்க மேடைகளில் சம்பாவை இரண்டு தட்டாகவே வாசித்துக் காட்டியது. பாடகிகளுக்கு ஒற்றைக் கிட்டாராக நின்று துணை வாசிப்பதில் இவருக்கு இணை சொல்வது கடினம். லூசியானா சூசாவின் 2002ஆம் ஆண்டு இரட்டையர் தட்டில் அவர் வாசித்ததைக் கேட்டால் தெரியும்: பேஸ், தாளம், கார்டு மூன்றையும் கொடுத்துவிட்டு, பாடகி நிறுத்தும் அரை நொடியில் ஒரு ஜாஸ் ஓட்டத்தையும் செருகிவிட்டுத் தாளத்துக்குத் திரும்பிவிடுவார். திரும்பும்போது கட்டைவிரல் சரியாக இரண்டாவது தட்டில் நிற்கும்.

யமண்டு கோஸ்டாவின் ஊர் தெற்குக் கோடியில், அர்ஜென்டினா, உருகுவே எல்லைகளைக் கொண்ட ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் இருக்கும் பாஸ்ஸோ ஃபுண்டோ. 1980இல் பிறந்தார். அப்பாவும் இசைக்குழு நடத்தியவர், கிட்டாரை முதலில் கொடுத்தவரும் அவரே. அர்ஜென்டினாக்காரரான லூசியோ யானெலிடம் கற்றார். அதனால் அவர் கையில் சம்பாவுக்கு முன்பே மிலோங்காவும் ஷமமேயும் ஏறிவிட்டன, மாட்டிடையர்களின் புல்வெளி இசை. விரல்களை விசிறிபோல் விரித்துத் தந்திகளை அறையும் அந்தத் தென்னாட்டு வீச்சைக் கொண்டுபோய் ரபெல்லோவின் ஏழு தந்தியில் சேர்த்தார். 2001இல் பிரேசிலின் விசா இசைப் பரிசை வென்றபோது வயது 21.

அவரைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள், வேகம் அதிகம் என்று. சில நேரம் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் 2007இல் அக்கார்டியன் மேதை டொமிங்கின்யோஸுடன் அவர் செய்த தட்டைக் கேட்டபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். ஒருவர் வடகிழக்கு, ஒருவர் தெற்கு. நடுவே ஒரு கண்டத்தின் அளவுக்குத் தூரம். அக்கார்டியன் நீட்டி மூச்சுவிடும்போது யமண்டு ஏழாவது தந்தியில் இறங்கி, அவசரமே இல்லாமல், பழைய ஷோரோக்காரர்கள் மாதிரி ஒரு பதில் சொல்கிறார். மூத்தவர் பேசும்போது எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த கை அது. பாடகரும் கிட்டார் கலைஞருமான டொக்கின்யோவுடன் மேடையில் வாசித்த பதிவுக்கு 2021இல் லத்தீன் கிராமி பெற்றார்.

சாவோ பாவ்லோவின் ஷிகோ பின்யெய்ரோ வேறு வகை. அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர், முதல் தட்டு 2003இல். நைலான் கிட்டாரையும் மின்கிட்டாரையும் சம உரிமையோடு எடுப்பார். மின்கிட்டாரில் அவர் ஓடவிடும் நீண்ட வரிகள் ஜாஸ் பள்ளியின் ஒழுங்கோடு இருக்கும். கீழே தாளம் மட்டும் எப்போதும் பிரேசில். 2020இல் வந்த அவருடைய தட்டில் டிரம்ஸ் வாசித்த எடு ரிபெய்ரோவும் அவரும் சேர்ந்து நகர்வதைக் கவனியுங்கள். பழைய கிட்டார்காரரின் கட்டைவிரல் செய்த வேலையைக் குழுவே பகிர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் பின்யெய்ரோவின் கை மேலே மிதக்கலாம்.

நெல்சன் வேராஸ் இந்தப் பக்கம் அதிகம் பேசப்படாத பெயர். 1977இல் பிரேசிலின் சால்வடோர் நகரில் பிறந்து, பதின்ம வயதில் ஃபிரான்சுக்குப் போனவர். அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மனின் குழுவில் வாசித்திருக்கிறார். அங்கே ஐந்து, ஏழு, பதினொன்று என்று சிக்கலான எண்ணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். அதற்குள் நைலான் கிட்டாரோடு உட்கார்ந்து, சத்தம் கூட்டாமல், விரல்களால் மட்டும் அவர் பின்னும் கோலம் என்னை ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. சம்பா நேரடியாகக் காதில் விழாது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் தனித்தனி எண்ணிக்கையில் போகப் பழகிய கைக்குத்தான் அப்படி வாசிக்க வரும்.

பெட்ரோ மார்ட்டின்ஸ் பிரேசிலியா பகுதிக்காரர், 1993இல் பிறந்தவர். 2015இல் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரூ ஜாஸ் விழாவின் கிட்டார் போட்டியில் முதலிடம் பெற்றார். நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கர்ட் ரோசன்விங்கல். அப்போது ரோசன்விங்கல் பத்தாண்டுகளாகத் தனியாக, பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்து, ஒரு தட்டைச் செதுக்கிக்கொண்டிருந்தார். முழுக்க மினாஸ் இசையின் வாசம் வீசும் பாடல்கள். அதற்கு வேண்டிய குரலும் கையும் மார்ட்டின்ஸிடம் இருந்தன. 2017இல் அது வெளிவந்தபோது இருவரும் சேர்ந்தே அதை மேடையேற்றினார்கள். மார்ட்டின்ஸின் சொந்தத் தட்டு 2019இல் ரோசன்விங்கலின் நிறுவனம் வழியாகவே வந்தது.

முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே, இங்கேதான் அது தேவைப்படுகிறது. பெலோ ஒரிசான்ட்டேயில் ஓர்ட்டா வாசித்ததை மெத்தெனி கேட்டார். மெத்தெனியைக் கேட்டு ஒரு தலைமுறை அமெரிக்கக் கிட்டார்காரர்கள் வளர்ந்தார்கள். அந்தத் தலைமுறையின் தட்டுகளைக் கேட்டுப் பிரேசிலியாவில் ஒரு பையன் வளர்ந்தான். அதற்குள்ளே தன் நாட்டு மலைக்காற்று வீசுவதை அவன் காது கண்டுகொண்டது. அமெரிக்க ஜாஸ் பிரேசிலைப் பாதித்தது என்று ஒரே திசையில் எழுதுகிறவர்கள் இந்தச் சுற்றுப் பாதையைப் பார்க்கத் தவறுகிறார்கள். வெளியூர் போன கடிதம் வேறு கையெழுத்தில் வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி.

மார்ட்டின்ஸின் மின்கிட்டாரில் கட்டைவிரல் இருக்கிறதா? எளிதில் கேட்காது. எதிரொலியும் மினுமினுப்பும் சேர்த்த ஒலி, குரலும் கிட்டாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பிடிக்கும் வரிகள். ஆனால் அவர் நைலான் கிட்டாரை எடுத்துத் தன் நண்பர் டேனியல் சான்டியாகோவுடன் உட்காரும்போது பாருங்கள், இருவரில் ஒருவர் சொல்லாமலேயே கீழே இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார்.

லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய ஃபாபியானோ டோ நாசிமென்டோ இன்னொரு மூலையில் நிற்கிறார். ஏழு தந்தி, பத்துத் தந்தி என்று ஜிஸ்மோண்டியின் வழியில் கருவிகளை மாற்றிக்கொண்டே, மிகமிக மெல்லிய ஒலியில் வாசிப்பவர். 2015இல் வந்த அவருடைய முதல் தட்டில் ஐர்ட்டோ மொரெய்ரா தாளம் வாசித்தார், 1967இல் எரால்டோவோடு வாசித்த அதே ஐர்ட்டோ. தலைமுறைகளை எண்ணிக்கொண்டிருந்தால் இப்படித்தான் திடீர் திடீரென்று ஒரே ஆள் இரண்டு முனையிலும் வந்து நிற்பார்.

வாத்தியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜகராண்டா என்ற பிரேசிலிய ரோஸ்வுட் மரத்தில் செய்த பழைய கிட்டார்களின் அடியொலி தனி. அட்லாண்டிக் கரைக்காடு அழிந்ததோடு மரமும் அருகி, 1992இல் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்தது. இளைய கலைஞர்கள் பலர் இன்று வேறு மரங்களில்தான் வாசிக்கிறார்கள். மேடைக்கு மின் ஒலிவாங்கி பொருத்திய மெல்லிய உடல் கொண்ட நைலான் கிட்டார்களும் வந்துவிட்டன. டிரம்ஸோடு மோதும்போது அவை உதவும். கட்டைவிரலின் 'தும்' மட்டும் அவற்றில் கொஞ்சம் ரப்பர்போலக் கேட்கிறது என்பது என் மனத்தாங்கல்.

மார்ட்டின்ஸ் வளர்ந்த அந்தப் பிரேசிலியா, 1960இல் புதிதாகக் கட்டிக் குடிபுகுந்த தலைநகரம். ரியோவிலிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் தங்கள் ஷோரோவையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். 1998இல் அங்கே ஷோரோவுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது. அதற்கு ரஃபாயல் ரபெல்லோவின் பெயரை வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் பிரேசில் அரசு ஷோரோவைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஷோரோ எந்த ஊரில் நடந்தாலும் முறை ஒன்றுதான். மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்காருவார்கள். தாள் பார்க்காமல், காதால் பிடித்து வாசிப்பார்கள். மெட்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். ஏழு தந்தி வைத்திருப்பவரிடம் மெட்டு வந்து சேராது. மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்துக்காக அவர் கட்டைவிரலைத் தந்தியின் மேல் வைத்துக் காத்திருப்பார்.